‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா?

நம் பக்கத்தில் “எந்த ஊர்?” என்று கேட்டுப் பதில் சொன்னவுடன் அடுத்த கேள்வி வரும்: “ஊரா, காலனியா?” அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். கேட்பவர் கெட்ட எண்ணத்தோடுதான் கேட்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கு அது முகவரியில் விடுபட்ட ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு அரசியல் சட்டமே இருக்கிறது. ஊர் என்றால் அவர்கள். நாம் ஊருக்கு வெளியே இருக்கிற ஒன்று. அப்படியானால் ‘ஊர் முடிவு செய்துவிட்டது’ என்று சொல்லும்போது முடிவு செய்தது யார்? ‘பொதுமக்கள் எதிர்ப்பு’ என்று செய்தி வரும்போது எதிர்த்தது யார்? நமக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டால் பொதுமக்கள் எதிர்க்கிறார்கள். அம்பேத்கர் சிலை வைக்க இடம் கேட்டால் பொதுமக்கள் எதிர்க்கிறார்கள். நாம் மறியல் செய்தால் மட்டும் ‘ஒரு தரப்பினர்’ ஆகிவிடுகிறோம்.

ஜனநாயகம் என்பது மக்கள் கருத்தின்படி நடக்கும் ஆட்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மக்கள் கருத்து எப்படி உருவாகிறது, யாருடைய வாயிலிருந்து வந்தால் அது மக்கள் கருத்து ஆகிறது, யாருடைய வாயிலிருந்து வந்தால் வெறும் புகார் ஆகிறது என்பதைப் பாடத்தில் வைக்கவில்லை. அதை நம் வரலாற்றிலிருந்துதான் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

1892இல் சென்னையில் மகாஜன சபையின் கூட்டம் நடந்தது. மகாஜனம் என்றால் பெருந்திரள் மக்கள் என்று பொருள். நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்திருந்த அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, எங்கள் மக்களை ஏன் விஷ்ணு கோவிலுக்குள்ளும் சிவன் கோவிலுக்குள்ளும் விடக் கூடாது என்று கேட்டார். சபையில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கென்று காட்டேரியும் மதுரைவீரனும் இருக்கும்போது எங்கள் சாமி எதற்கு என்கிற தோரணையில் பதில் வந்தது. பண்டிதர் சளைக்கவில்லை. உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கொடுங்கள், கிராமங்களில் சும்மா கிடக்கும் புறம்போக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று கோரிக்கையை மாற்றினார். அதற்குச் சபை ஒப்புக்கொண்டது. நாட்டுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட அவை, கோவில் வாசல் என்று வந்தவுடன் எப்படிச் சுருங்கியது என்பதை அந்த ஒரு நாளில் பார்த்துவிடலாம். அதன் பிறகு பண்டிதர் எந்தப் ‘பொது’வையும் அப்படியே நம்பவில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஒரு பைசா விலை வைத்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது: கையில் காசில்லாதவனும் கருத்துச் சொல்கிறவனாக மாற வேண்டும்.

அவருக்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தத் தொடங்கினார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே பத்திரிகையின் தலைப்பில் போட்டார். அதே ஆண்டு காங்கிரஸ், சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. தேசத்தின் ஒருமித்த கருத்து இதுதான் என்றார்கள். சீனிவாசன் சென்னையில் கூட்டம் போட்டு, இல்லை, இதில் எங்கள் கருத்து வேறு என்றார். இங்கே தேர்வு வைத்தால் ஏற்கெனவே படித்திருக்கிற மேல்சாதியார்தான் அதிகாரிகளாக வருவார்கள், எங்கள் தலைமேல் இன்னும் ஒரு அடுக்கு ஏறும் என்பது அவருடைய வாதம். 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனு இலண்டனுக்கு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

அந்த வாதம் சரியா தவறா என்று இன்று விவாதிக்கலாம். வெள்ளைக்காரனுக்குத் துணைபோனார்கள் என்று அப்போதே வசை வந்தது, இப்போதும் சிலர் எழுதுகிறார்கள். நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 112 அடி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த ஒரு சமூகத்தில், சேரி சேரியாகப் போய் மூவாயிரத்து நானூறு பேரிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்குவது என்றால் எத்தனை நாள் நடை, எத்தனை இரவுப் பேச்சு! ‘இந்தியர்களின் கருத்து’ என்று ஒன்று இருப்பதாக உலகம் நம்பத் தொடங்கியிருந்த நேரத்தில், அந்தக் கருத்துக்கு வெளியே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காகிதத்தில் காட்டினார்கள்.

1922 ஒரு சுவாரசியமான ஆண்டு. அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் மக்கள் கருத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி வெளியிட்டது அந்த ஆண்டில்தான். மனிதர்கள் நேரடியாக உலகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, தங்கள் தலைக்குள் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். அதே 1922 ஜனவரியில் சென்னைச் சட்ட மேலவையில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்தார்: அரசுப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும். மார்ச்சில் 817ஆம் எண் அரசாணை வந்தது. லிப்மன் புத்தகம் எழுதி விளக்கியதை எம்.சி. ராஜா ஒரு அரசாணையால் அசைக்கப் பார்த்தார் என்று சொல்லலாம். பெயர் மாறினால் படம் மாறுமா? உடனே மாறாது. ஆனால் எழுதுகிறவனின் கை தினமும் ஒரு சொல்லை எழுதும்போது அவன் தலைக்குள் இருக்கும் படத்தில் ஒரு கீறலாவது விழும்.

1924 ஆகஸ்டில் ஆர். வீரையன் அதே அவையில் இன்னொரு தீர்மானம் வைத்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பார் நடக்கவோ பயன்படுத்தவோ தடை இருக்கக் கூடாது. செப்டம்பரில் அரசாணையும் வெளியானது. தீர்மானத்தின் வாசகத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ‘பொது’ என்று ஏற்கெனவே பெயர் வைத்திருக்கும் சாலையில் நடக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது! அப்படியானால் அதற்கு முன்பு ‘பொது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது?

1932 செப்டம்பரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே ஒரு கோணத்தை மட்டும் சொல்கிறோம். தனித்தொகுதி முறையில் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வகுப்புவாரித் தீர்ப்பில் வந்தது. 20ஆம் தேதி காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். நான்கே நாளில், 24ஆம் தேதி, ஒப்பந்தம் கையெழுத்தானது. இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டார். அந்த நான்கு நாட்கள் இந்திய வரலாற்றில் மக்கள் கருத்து என்பது எவ்வளவு வேகமாகத் திரட்டப்பட முடியும் என்பதற்குச் சாட்சி. கோவில்கள் திறந்துவிடப்பட்டன, சமபந்தி நடந்தது, தந்திகள் பறந்தன. ஒரு உயிர் போனால் பழி உங்கள் மேல் என்று நாட்டின் மொத்தக் கண்ணும் ஒரே மனிதர் மேல், அம்பேத்கர் மேல், திரும்பியது. இடங்கள் எண்ணிக்கையில் கூடின. மாகாண அவைகளில் 148, அதில் சென்னைக்கு 30. ஆனால் அந்த இடங்களில் உட்காருபவரைத் தேர்ந்தெடுக்கும் கடைசி வார்த்தை பொதுத் தொகுதிக்குப் போய்விட்டது. பழையபடி ‘பொது’!

அந்த ஒப்பந்தத்தின் நிழல் நம் மண்ணில் எப்படி விழுந்தது என்பதற்குத் திண்டிவனமே போதும். 1952 முதல் பொதுத்தேர்தலில் திண்டிவனம் இரட்டை உறுப்பினர் நாடாளுமன்றத் தொகுதி. ஒரு இடம் பொது, இன்னொன்று தாழ்த்தப்பட்டோருக்கு. எஸ்.எஸ். இராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி தென்னார்க்காட்டில் அலையாக எழுந்த தேர்தல் அது. சட்டமன்றத்தில் அக்கட்சி 19 இடங்கள் பிடித்தது. வன்னியர் மக்களின் ஒருங்கிணைந்த கருத்து முதன்முறையாக வாக்குச்சீட்டில் பேசியது, காங்கிரஸ் அமைச்சரவைக்குள்ளும் போய் உட்கார்ந்தது. நாம் அதைக் குறை சொல்லவில்லை. உழைக்கும் சாதி ஒன்று தன் எண்ணிக்கையை அரசியலாக மாற்றிக்கொண்டது நியாயமானதே. ஆனால் அதே ஊர்களில் அதே வயல்களில் வேலை செய்த நம் மக்களின் எண்ணிக்கை அப்படி மாறவில்லை. பழைய விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி தலித் மக்கள் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாநில சராசரி 20. பத்தில் மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. இருந்தும் அந்த மூன்று பேரின் கருத்து ‘தொகுதியின் மனநிலை’ என்று எந்தக் காலத்திலும் எழுதப்படவில்லை. கடலூரில் எல். இளையபெருமாள் போன்ற ஒருவர் வந்தார் என்றால் அது காங்கிரஸின் கருணையால் மட்டும் நிகழ்ந்ததல்ல, அவர் தெருவில் நின்று போராடிய ஆள். 1969இல் அவர் தலைமையிலான குழு தீண்டாமை பற்றிக் கொடுத்த அறிக்கை நாடு முழுவதையும் உலுக்கியது.

இப்போது விழுப்புரத்துக்கு வருவோம். 1978 ஜூலை கடைசி வாரம். கடைத்தெருவில் ஒரு தலித் பெண்ணிடம் நடந்த அத்துமீறலைத் தட்டிக்கேட்டதில் தொடங்கியதாகச் சொல்லப்படும் தகராறு, சில நாட்களில் நகரத்துச் சேரியைச் சூழ்ந்த தாக்குதலாக மாறியது. குடிசைகள் எரிந்தன. பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

பத்து வருடங்களுக்கு முன், 1968இல், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது அதைக் கூலித் தகராறு என்றார்கள். விழுப்புரத்தில் கூலி கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. அங்கே சொல்லக் கிடைத்த சொல் ‘கலவரம்’. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டது என்று அர்த்தம். இறந்தவர்கள் மட்டும் ஒரே பக்கம். ஒரு நகரத்தின் நடுவில், தாலுகா அலுவலகமும் நீதிமன்றமும் ரயில் சந்திப்பும் இருக்கிற இடத்தில், பன்னிரண்டு பேர் சாகும் வரை அந்த நகரத்தின் ‘பொதுமக்கள் கருத்து’ எங்கே போயிருந்தது? கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின. 1952 டிசம்பரில் புனாவில் ஜனநாயகம் வெற்றிபெறத் தேவையான நிபந்தனைகளைப் பற்றி அம்பேத்கர் பேசியபோது, பொது மனசாட்சி என்று ஒன்றைக் குறிப்பிட்டார். அநீதிக்கு ஆளானவன் தன் சாதிக்காரனா என்று பார்க்காமல் கொதித்தெழும் மனம் அது. அது இல்லாத இடத்தில் சிறுபான்மையாக இருப்பவன் தன் காயத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்பதை அன்றே எச்சரித்தார். விழுப்புரத்தில் நம் மக்கள் அதைத்தான் செய்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து அதே மண்ணில் இன்னொரு வரலாறு. 1987 செப்டம்பர் 17இல் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியலைத் தொடங்கியது. சென்னை–திருச்சி சாலை நின்றது. மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. காவல்துறை சுட்டதிலும் அடக்குமுறையிலும் 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழை உழவர்கள், கூலிக்காரர்கள். அவர்கள் கேட்டது நியாயமான பங்கு. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு அந்தப் போராட்டத்தின் விளைவு. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அந்த 21 பேருக்கு அரசு மணிமண்டபம் திறந்தது. இறந்தவர்களுக்கு மரியாதை செய்ததில் நமக்கு வருத்தம் இல்லை.

ஆனால் அதே ஒரு வாரத்தில் தென்னார்க்காட்டில் எத்தனை சேரிகள் எரிந்தன என்பதை அந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை. இடஒதுக்கீடு தர வேண்டியது அரசு. நெருப்பு வைத்தது நம் கூரைக்கு. அரசின் கவனத்தை ஈர்க்க எதற்குச் சேரி எரிய வேண்டும்? இந்தக் கேள்விக்கு முப்பத்தெட்டு வருடமாகப் பதில் இல்லை. 1978இல் செத்த பன்னிரண்டு பேரின் பெயர் இன்று விழுப்புரம் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சாவு வரலாறாக மாறுவதற்கும் இன்னொரு சாவு கோப்பாக மாறுவதற்கும் நடுவில் நிற்பதும் இந்த மக்கள் கருத்துதான்.

எண்ணிக்கை பேசும்போது அரசு எவ்வளவு வேகமாகக் காது கொடுக்கும் என்பதை 2021 பிப்ரவரி 26இல் பார்த்தோம். சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில் 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. போதுமான தரவு இல்லாமல் செய்யப்பட்டது என்று 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் கோரிக்கையின் நியாயம் வேறு விவாதம். நாம் பார்ப்பது நேரத்தை. பஞ்சமி நிலத்தை மீட்டுத் தருகிறோம் என்று எத்தனை தேர்தல் அறிக்கை வந்தது, எந்தத் தேதி அறிவிப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் எந்த மசோதா வந்தது?

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகு கதை மாறும் என்று நம்பினோம். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிகள் சுழற்சியில் ஒதுக்கப்பட்டன. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கிலும் பத்து வருடம் ஒழுங்காகத் தேர்தலே நடக்கவில்லை. நடந்தால் வென்றவர் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். ஊர் ஒன்றுகூடி எடுத்த முடிவு என்றார்கள். அங்கே மக்கள் கருத்து ஜனநாயகத்தை நடத்தவில்லை, பூட்டுப் போட்டது. 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது என்றால் ஊர் மனம் மாறியதால் மட்டுமல்ல. தலித் இயக்கங்கள் பத்து வருடம் விடாமல் பேசின, இடதுசாரிகள் பேசினார்கள், மாவட்ட நிர்வாகம் உறுதியாக நின்றது, மாநில அரசுக்கு இது அவமானம் என்று தோன்றியது. ஊரின் கருத்துக்கு மேலே அதைவிடப் பெரிய ஒரு கருத்து வந்து உட்கார்ந்தது.

ஒட்டனந்தலை மறந்திருக்க மாட்டீர்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கம். 2021 மே, கொரோனா ஊரடங்கு. கோவில் விழாவில் கலைநிகழ்ச்சி நடத்தியதற்காகத் தலித் முதியவர்கள் மூவர் ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழவைக்கப்பட்டார்கள். ஊரடங்கை மீறினால் விசாரிக்கக் காவல்துறை இருக்கிறது. ஊர் எதற்குத் தீர்ப்பு சொன்னது? அந்தப் படம் கைப்பேசியில் பரவியதால்தான் வழக்கு வந்தது, கைது வந்தது. பரவாமல் போன படங்கள் எத்தனை, படமே எடுக்காத விழுதல்கள் எத்தனை என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கைப்பேசி நமக்கு நல்லதைச் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கைப்பேசியில்தான் நம் பிள்ளைகளைப் பற்றி ‘நாடகக் காதல்’ என்ற கதையும் பரவியது. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் மூன்று சேரிகள் எரிந்ததற்கு முன்னும் பின்னும் அந்தக் கதை மேடை மேடையாகச் சொல்லப்பட்டது. லிப்மன் சொன்ன தலைக்குள் இருக்கும் படம் இதுதான்.

மேல்பாதி நமக்கு இன்னும் பக்கம். 2023 ஏப்ரல் 7, தர்மராஜா திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன நம் இளைஞர் தாக்கப்பட்டார். பேச்சுவார்த்தை, மறுபடி பேச்சுவார்த்தை. ஜூன் 7இல் கோட்டாட்சியர் கோவிலுக்குச் சீல் வைத்தார். சட்டம் ஒழுங்கு கெடும் என்றார்கள். யாரால் கெடும்? கும்பிடப் போனவனாலா, தடுத்தவனாலா? இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்து அம்மனைப் பூட்டினார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். பூசாரி உள்ளே, மக்கள் வெளியே. 1947இல் சென்னை மாகாணம் கோவில் நுழைவுச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்கு வயது எழுபத்தாறு ஆகியிருந்தபோது கோட்டாட்சியர் சீல் வைத்தார். சட்டம் புத்தகத்தில் இருந்தது, ‘ஊர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற வாக்கியம் அதைவிடக் கனமாக இருந்தது.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. விழுப்புரம் 2009இலிருந்து தனித் தொகுதி. 2019இலும் 2024இலும் விடுதலைச் சிறுத்தைகளின் ரவிக்குமார் வென்றார். முதல் முறை உதயசூரியன் சின்னத்தில், இரண்டாம் முறை பானைச் சின்னத்தில். இந்த வேறுபாடு நம் தெருக்களில் எவ்வளவு பேசப்பட்டது என்பது நமக்குத் தெரியும். 2019இல் சிதம்பரம் தொகுதியில் பொன்பரப்பியில் அந்தப் பானையைச் சாலையில் போட்டு உடைத்துவிட்டுத்தான் வீடுகளுக்குள் புகுந்தார்கள். சொந்தச் சின்னத்தில் நிற்பது சின்ன விஷயமில்லை. ஆனால் நாமும் பேனர், கட்அவுட், பிறந்தநாள் சுவரொட்டி என்று போய், கருத்தைத் திரட்டுவதை மறந்துவிடுகிறோம். நம் காலனியிலேயே கூட்டம் போட்டால் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள்? நாட்டாண்மை சொன்னதுதான் தெருவின் கருத்து என்று நாமும் நினைக்கிறோம் இல்லையா? இரட்டைமலை சீனிவாசனின் 112 அடியில் எத்தனை பெண்களின் ரேகை இருந்ததோ!

2022 ஆகஸ்டில் மாநிலத் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்: தலித் ஊராட்சித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவு விழாவுக்கு எழுதிய கடிதம் அது. கடலூர் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020இல் வந்திருந்ததால் அந்தக் கடிதத்தின் தேவை யாருக்கும் சந்தேகமாக இல்லை.

மேல்பாதிக் கோவில் கடைசியில் 2025 ஏப்ரல் 17இல் எல்லோருக்கும் திறந்தது. நம் மக்கள் காவலர்கள் நடுவில் வரிசையாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். சாமி கும்பிடுவது விடுதலையா என்று நம் தோழர்களே கேட்பார்கள், கேட்கட்டும். அன்று போன பெண்களில் சிலர் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாசற்படியைத் தாண்டினார்கள். இனி அடுத்த தீமிதி வரும்போது, காவலர்கள் இல்லாத ஒரு நாளில், அவர்கள் மறுபடி போவார்களா, போனால் ஊர் என்ன செய்யும் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.